ரௌட்டரில் பிரிண்டரை இணைக்கலாமா?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு பிரிண்டர், இரண்டையும் இணைக்க ஒரு யு.எஸ்.பி. கேபிள் என்று இருந்த வரையில் பிரச்னை எதுவும் இல்லை. இன்னொரு லேப்டாப் வீட்டிற்குள் வந்தவுடன் சிக்கல் தொடங்குகிறது. லேப்டாப்பில் உள்ள பைலை அச்சிட, அதனை பென் டிரைவில் காப்பி செய்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து, அது இயங்கத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியுள்ளது. மொபைல் போனுக்கு வந்த பைல் என்றால் தனக்குத் தானே மெயில் அனுப்பிக் கொள்ள வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டு, வீட்டில் நல்ல பிரிண்டரை வைத்துக் கொண்டே தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

பக்கத்திற்குச் சில ரூபாய் செலவாவது பெரிதல்ல. ஆதார் அட்டை, பேங்க் ஸ்டேட்மெண்ட், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் என எல்லாமே கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் போகின்றன. பிரிண்ட் எடுத்த பின் அந்த பைல்கள் அங்கே அழிக்கப்பட்டனவா என்று நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. வீட்டு பிரிண்டரை எல்லாரும் பயன்படுத்தும்படி அமைக்க இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது.

இதற்கு வழியாகக் கடைகளில் காட்டப்படுவது யு.எஸ்.பி. போர்ட் உள்ள வயர்லெஸ் ரௌட்டர். "பிரிண்டரை இதில் சொருகிவிட்டால் போதும் சார், வீடு முழுக்க பிரிண்ட் எடுக்கலாம்" என்று விற்பனையாளர் சொல்வார். சில வீடுகளில் இது முழு உண்மை. பல வீடுகளில் பாதி உண்மை. உங்கள் வீடு எந்த வகை என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்து கொள்ளலாம். அதற்கு ரௌட்டரை விட்டுவிட்டு முதலில் பிரிண்டரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் பிரிண்டர் எந்த வகை?

வெளியில் இருந்து வரும் ஒரு இன்டர்நெட் இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரித்துத் தருவது ரௌட்டரின் வேலை என்பது பலருக்கும் தெரியும். வீட்டில் உள்ள சாதனங்கள் தங்களுக்குள் பேசிக் கொள்ளவும் அதுதான் வழி அமைக்கிறது. பிரிண்டரைப் பகிர்ந்து கொள்ள நமக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது வேலை. எனவே பொதுவாக இன்டர்நெட் இணைப்பு இல்லாத நேரத்திலும் வீட்டிற்குள் பிரிண்ட் எடுக்கலாம்.

பிரிண்டரிலேயே வை-பி வசதி இருந்தால், யு.எஸ்.பி. போர்ட் உள்ள ரௌட்டர் உங்களுக்குத் தேவையே இல்லை. இருக்கும் ரௌட்டருடன் பிரிண்டரை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. வை-பி உள்ள பிரிண்டரை வாங்கி, பெட்டியுடன் வந்த கேபிளை கம்ப்யூட்டரில் சொருகி, அப்படியே ஆண்டுக் கணக்கில் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. பிரிண்டரின் முன் பக்கம் விசிறி போன்ற வை-பி அடையாளம் உள்ள பட்டன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யு.எஸ்.பி. மட்டுமே உள்ள பிரிண்டர் என்றால் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. சில பிரிண்டர்களுக்குள் சொந்தமாக ஒரு ப்ராசசர் இருக்கும். பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பக்க மொழிகளில் எழுதி அனுப்பினால், அவையே படித்துப் புரிந்து கொண்டு அச்சிடும். இந்த வகை பிரிண்டர்கள் ரௌட்டருடன் நன்றாக ஒத்துப் போகும். விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் இந்த அறிவு இருக்காது. கம்ப்யூட்டரே பக்கம் முழுவதையும் புள்ளிகளாக மாற்றி அனுப்ப வேண்டும். இவற்றை ஹோஸ்ட் பேஸ்டு பிரிண்டர் என்று சொல்வார்கள்.

நம் ஊரில் வீடுகளிலும் கடைகளிலும் அதிகம் காணப்படும் இரண்டு லேசர் பிரிண்டர்களை எடுத்துக் கொள்வோம். எச்.பி. லேசர்ஜெட் 1020 பிரிண்டரை ஒவ்வொரு முறை ஆன் செய்யும் போதும், அது இயங்கத் தேவையான புரோகிராமை கம்ப்யூட்டர்தான் அதற்குள் ஏற்ற வேண்டும். நடுவில் ரௌட்டர் வந்துவிட்டால் அதனை ஏற்றுவதற்கு ஆள் இல்லை. கேனன் எல்.பி.பி. 2900 பிரிண்டர், அச்சிடும் நேரம் முழுவதும் கம்ப்யூட்டருடன் பேசிக் கொண்டே இருக்கும் வகை. ரௌட்டர் வழியாகச் சாதாரண முறையில் அனுப்பும்போது தகவல் ஒரு பக்கமாகத்தான் போகும். பதில் திரும்பி வராது. இரண்டுமே உறுதியான, உழைக்கும் பிரிண்டர்கள். ஆனால் இவற்றை நம்பி யு.எஸ்.பி. ரௌட்டர் வாங்குபவர் ஏமாறும் வாய்ப்பு அதிகம்.

எனவே உங்கள் பிரிண்டரின் மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணைய தளத்தில் அதன் விவரப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பி.சி.எல். அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று இருந்தால் நிம்மதி. ஹோஸ்ட் பேஸ்டு அல்லது ஜி.டி.ஐ. என்று இருந்தால் எச்சரிக்கை. பின்னர், வாங்க நினைக்கும் ரௌட்டரின் நிறுவனத் தளத்தில், அதனுடன் இயங்கும் பிரிண்டர்களின் பட்டியல் தரப்பட்டுள்ளதா என்று தேடுங்கள். அதில் உங்கள் மாடல் இல்லை என்றால், விற்பனையாளரின் வாக்குறுதியை நம்பி வாங்க வேண்டாம்.

ரௌட்டர் இதனை எப்படிச் செய்கிறது?

ரௌட்டரில் பிரிண்டரைச் சொருகும் வசதி புதிதல்ல. ஆப்பிள் நிறுவனம் 2003ல் வெளியிட்ட ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் சாதனத்திலேயே இதற்கென ஒரு யு.எஸ்.பி. போர்ட் இருந்தது. (அந்த வரிசை ரௌட்டர்களைத் தயாரிப்பதை ஆப்பிள் 2018ல் நிறுத்திவிட்டது.) இன்று கிடைக்கும் ரௌட்டர்களில் இரண்டு முறைகள் பின்பற்றப்படுகின்றன.

முதல் முறையில் ரௌட்டர் ஒரு பிரிண்ட் சர்வராக இயங்குகிறது. கம்ப்யூட்டர்கள் அனுப்புவதை வாங்கி பிரிண்டரிடம் கொடுக்கும். இதற்குப் பெரும்பாலும் 9100 என்ற எண்ணுள்ள போர்ட் பயன்படுகிறது. எளிமையான முறை, பல கம்ப்யூட்டர்கள் இதனைப் பயன்படுத்தலாம். ஆனால் இங்க் எவ்வளவு மீதி உள்ளது என்ற தகவல் பெரும்பாலும் கிடைக்காது. ஆல் இன் ஒன் பிரிண்டரில் உள்ள ஸ்கேனர் இயங்காது. கடைக்காரர் சொல்லாமல் விடும் மீதிப் பாதி இதுதான். ஸ்கேன் செய்வது உங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் வேலை என்றால், கேபிளை மீண்டும் மீண்டும் கழற்றி மாட்டிக் கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது முறையில், ரௌட்டர் நிறுவனம் தரும் ஒரு சாப்ட்வேரை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இன்ஸ்டால் செய்ய வேண்டும். பிரிண்டர் நேரடியாகத் தன்னிடமே சொருகப்பட்டிருக்கிறது என்று அந்த சாப்ட்வேர் கம்ப்யூட்டரை நம்ப வைக்கும். இதனால் ஸ்கேனரும் இயங்கும். ஹோஸ்ட் பேஸ்டு பிரிண்டர்கள் சிலவும் இயங்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும். அவர் விடுவித்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

இந்த இரண்டாவது முறையில் பாதுகாப்புச் சிக்கலும் வந்திருக்கிறது. பல ரௌட்டர் நிறுவனங்கள் இதற்கென கேகோட்ஸ் என்ற தைவான் நிறுவனத்தின் நெட் யு.எஸ்.பி. என்ற புரோகிராமைப் பயன்படுத்தின. இணைக்க வரும் கம்ப்யூட்டரின் பெயர் 64 எழுத்துகளுக்கு மேல் இருந்தால் அந்தப் புரோகிராம் தடுமாறும் என்றும், அதன் வழியாக ரௌட்டரையே கைப்பற்றலாம் என்றும் 2015 மே மாதம் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பாதிக்கப்பட்டவை பல பிரபல பிராண்ட் ரௌட்டர்கள். அதே புரோகிராமில் இன்னொரு ஓட்டை 2022 ஜனவரியில் வெளியே வந்தது. எனவே யு.எஸ்.பி. போர்ட்டைப் பயன்படுத்தாதவர்கள், ரௌட்டரின் செட்டிங்ஸில் அந்த வசதியை ஆப் செய்து வைப்பது நல்லது.

மொபைல் போனில் இருந்து பிரிண்ட் எடுக்க இந்த இரண்டு முறைகளும் பெரும்பாலும் உதவாது. ஐபோனில் 2010 முதல் உள்ள ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்ட் போன்களில் உள்ள மோப்ரியா ஆகியவை தங்களைப் புரிந்து கொள்ளும் பிரிண்டரைத்தான் தேடும். வீட்டில் பிரிண்ட் எடுப்பதில் பாதிக்கு மேல் போனில் இருந்துதான் என்றால், ரௌட்டருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை வை-பி உள்ள பிரிண்டருக்குச் சேர்த்து வைப்பது நல்லது என்பது என் கருத்து.

செலவில்லாமல் ஒரு சோதனை

எதையும் வாங்கும் முன் இதனைச் செய்து பார்க்கலாம். பிரிண்டர் இணைக்கப்பட்டுள்ள விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில், செட்டிங்ஸ் சென்று, புளூடூத் அண்ட் டிவைசஸ், பின்னர் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும். உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ் திறக்கவும். கிடைக்கும் விண்டோவில் ஷேரிங் டேபில், ஷேர் திஸ் பிரிண்டர் என்பதன் எதிரே டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே செய்திடவும். இனி அதே வை-பியில் உள்ள லேப்டாப்பில் இந்த பிரிண்டரைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஹோஸ்ட் பேஸ்டு பிரிண்டர்களும் இந்த முறையில் இயங்கும். நடுவில் இருப்பது முழுக் கம்ப்யூட்டர் அல்லவா!

அந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆகி இருந்தால்தான் பிரிண்ட் வரும் என்பது இதில் உள்ள குறை. மேலும் 2021ல் விண்டோஸ் பிரிண்ட் ஸ்பூலரில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை கண்டறியப்பட்ட பின், மைக்ரோசாப்ட் விதிகளைக் கடுமையாக்கியது. லேப்டாப்பில் டிரைவரை இன்ஸ்டால் செய்திட அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும். ஒரு முறை கொடுத்துவிட்டால் போதும்.

ரௌட்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால்

பைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் வீட்டில், எல்லாரும் மோடம் என்று அழைக்கும் பெட்டி ஒன்று ஏற்கனவே இருக்கும். பெரும்பாலும் அதிலேயே ரௌட்டரும் வை-பியும் உண்டு. சிலவற்றில் யு.எஸ்.பி. போர்ட்டும் இருக்கும். ஆனால் போர்ட் இருப்பதாலேயே பிரிண்டர் இயங்கும் என்று பொருள் அல்ல. பென் டிரைவுக்கு மட்டுமே அனுமதி தரும் பெட்டிகள் நிறைய உண்டு. அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் பிரிண்ட் சர்வர் என்ற மெனு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

புதிய ரௌட்டர் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏசி 1200 என்றால் உங்கள் லேப்டாப்புக்கு 1200 எம்.பி.பி.எஸ். வேகம் கிடைக்கும் என்று பொருளில்லை. 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300, 5 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867 ஆகியவற்றைக் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஒரு சாதனம் ஒரு நேரத்தில் பொதுவாக ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். இரண்டும் ஏட்டில் உள்ள உச்ச வேகங்கள். நடைமுறையில் இன்னும் குறையும்.

இரண்டு அலைவரிசைகளும் உள்ள டூயல் பேண்ட் ரௌட்டராகவே வாங்குங்கள். 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் பலவீனமானது. 2.4 கிகா ஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், பக்கத்து வீட்டு வை-பி எல்லாம் அதே இடத்தில் நெருக்கும். வை-பி 6 என்று குறிக்கப்பட்டது இன்றைய வீட்டிற்குப் போதும். லேன் போர்ட்கள் கிகாபிட் வேகத்தில் உள்ளனவா என்று கேளுங்கள். விலை குறைந்த சிலவற்றில் 100 எம்.பி.பி.எஸ். மட்டுமே இருக்கும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் பிரிண்டருக்கு தாராளம். யு.எஸ்.பி. 3.0 இணைப்பு 2.4 கிகா ஹெர்ட்ஸ் வை-பியில் இரைச்சலை உண்டாக்கக் கூடும் என்று இன்டெல் நிறுவனமே 2012ல் ஓர் அறிக்கையில் விளக்கியுள்ளது.

ரௌட்டரை எங்கே வைப்பது என்பதுதான் பலரும் யோசிக்காத விஷயம். பைபர் இணைப்பு தர வருபவர் பெட்டியை ஹாலில், வாசற்படிக்கு மேலே, மின் விசிறியின் உயரத்தில் மாட்டிவிட்டுப் போவார். அங்கே பிரிண்டரை வைக்க முடியுமா? யு.எஸ்.பி. 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. லேன் கேபிளோ 100 மீட்டர் வரை போகும். எனவே மேலே உள்ள பெட்டியில் இருந்து ஒரு லேன் கேபிளை இறக்கி, வீட்டின் நடுப் பகுதியில் ஒரு மேஜையில் புதிய ரௌட்டரையும் பிரிண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். என் வீட்டில் இப்படித்தான் உள்ளது. இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, பிரிட்ஜ் இவற்றின் பின்னால் ரௌட்டரை ஒளித்து வைக்க வேண்டாம்.

இப்படி இரண்டு பெட்டிகள் இருக்கும்போது ஒரு குழப்பம் வரும். பழைய பெட்டியின் வை-பியில் உள்ள லேப்டாப்பிற்கு, புதிய ரௌட்டரில் உள்ள பிரிண்டர் பெரும்பாலும் தெரியாது. "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்ற புகார்களில் பல இதுதான். பழைய பெட்டியின் வை-பியை ஆப் செய்துவிட்டு, எல்லா சாதனங்களையும் புதிய ரௌட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

பிரிண்டரைச் சேர்க்கும் முன் அதன் டிரைவரை நிறுவனத்தின் தளத்தில் இருந்து இறக்கி வைத்துக் கொள்ளவும். பின்னர் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பிரிவில் புதிய சாதனத்தை மேனுவலாகச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, ஐ.பி. முகவரி மூலம் சேர்க்கும் வழியில் செல்லவும். இங்கு தர வேண்டியது ரௌட்டரின் முகவரி. இது பொதுவாக 192.168.0.1 அல்லது 192.168.1.1 என இருக்கும். ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் காணலாம். சில ரௌட்டர்கள் எல்.பி.ஆர். என்ற முறையைக் கேட்கும். அப்போது கையேட்டில் உள்ள க்யூ பெயரையும் தர வேண்டும்.

பூட்டுகளைப் போடுங்கள்

பிரிண்டர் நெட்வொர்க்கில் வந்த பின், அதற்கும் வெளி உலகத்திற்கும் நடுவே நிற்பது ரௌட்டர் மட்டுமே. 2018 நவம்பரில் ஒரு ஹேக்கர், தனக்குப் பிடித்த யு-ட்யூப் சேனலுக்கு ஆதரவு கேட்டு, உலகெங்கும் சுமார் 50,000 பிரிண்டர்களில் நோட்டீஸ் அச்சிட வைத்ததாக அறிவித்தார். பலர் வீட்டு, அலுவலக பிரிண்டர்களில் காகிதம் தானாக வெளியே வந்தது. அந்த பிரிண்டர்களின் 9100 போர்ட் இன்டர்நெட்டில் திறந்து கிடந்ததே காரணம். எனவே வெளியூரில் இருந்து பிரிண்ட் எடுக்கும் ஆசையில் ரௌட்டரில் போர்ட் பார்வர்டிங் செய்ய வேண்டாம். ரிமோட் மேனேஜ்மெண்ட் ஆப் ஆகி இருக்கட்டும்.

வை-பி பாஸ்வேர்ட் வேறு, ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் வேறு. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அட்மின் என்றே விட்டு வைப்பவர்கள் அதிகம். இரண்டையும் மாற்றுங்கள். டபிள்யூ.பி.எஸ். பின் என்ற வசதியை ஆப் செய்யுங்கள். எட்டு இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை இரு பாதிகளாகச் சோதிப்பதால், அதிக பட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே தெரிந்துவிட்டது. விருந்தினர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுங்கள். அதில் இருந்து பிரிண்டர் தெரியாது. உங்கள் பையன் தவறுதலாக அதில் இணைந்திருந்தாலும் தெரியாது என்பதை நினைவில் கொள்ளவும்!

அன்றாடப் பிரச்னைகள்

கரண்ட் போய் வந்தவுடன் பிரிண்ட் வரவில்லை என்றால் பதற வேண்டாம். ரௌட்டர் முழுமையாக இயங்க இரண்டு, மூன்று நிமிடங்கள் ஆகும். அதன் பின் பிரிண்டரை ஒரு முறை ஆப் செய்து ஆன் செய்திடவும். ரௌட்டருக்கு மினி யு.பி.எஸ். வாங்கினால், அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து வாங்கவும். லேசர் பிரிண்டரை மட்டும் எந்த வீட்டு யு.பி.எஸ்.ஸிலும் இணைக்காதீர்கள். உள்ளே உள்ள சூடாக்கும் உருளை ஒரு நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

பிரிண்ட் கட்டளைகள் வரிசையில் சிக்கி நின்றுவிட்டால், ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என டைப் செய்து திறந்து, பிரிண்ட் ஸ்பூலர் என்பதில் ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் தரவும். இங்க்ஜெட் பிரிண்டர் என்றால், சுவர் சுவிட்சை நேரடியாக அணைக்காமல், பிரிண்டரின் பட்டனில் ஆப் செய்யுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் சென்று உட்காரும். வாரம் ஒரு முறை வண்ணத்தில் ஒரு பக்கம் எடுப்பது நல்லது.

வை-பி பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று ரௌட்டரை அமைத்தால் பழைய பிரிண்டர்கள் உள்ளே வர முடியாது. டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த நிலையில் வையுங்கள். இந்த வகை பிரிண்டருக்கு டி.எச்.சி.பி. ரிசர்வேஷன் மூலம் நிலையான ஐ.பி. முகவரி கொடுத்துவிட்டால், அடிக்கடி ஆப்லைன் என்று காட்டுவது குறையும். எதிர்காலத்தில் ரௌட்டரை மாற்றும்போது, பழைய வை-பி பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்து மாறாமல் புதியதிலும் கொடுங்கள். பிரிண்டர், போன், டிவி எதையும் தொடாமலேயே பெரும்பாலும் எல்லாம் தானாக இணைந்து கொள்ளும்.